செல்லாத வண்டி: ஒரு ஸ்டிக்கர், ஒரு லைசென்ஸ், ஒரு கையெழுத்து

1/
நேத்து ஓ.பி. முடியற நேரத்துல ஒருத்தர் போன்ல போட்டோ காட்டினார். கார் கண்ணாடியில நீலக் கட்டம், அதுக்குள்ள வெள்ளைச் சக்கர நாற்காலி. "சார், இந்த ஸ்டிக்கரை என் ஸ்கூட்டர்ல ஒட்டினா எனக்கு என்ன உரிமை கிடைக்கும்?"

ஒரு வரியில பதில் சொல்ல முடியல. அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். நடுவுல நான் செஞ்ச ஒரு தப்பும் வரும்.

2/
முதல்ல இடம். ஆரோவில் பக்கத்துல ஒரு சின்ன கிளினிக்ல உட்கார்றேன். வடக்கே மரக்காணம் உப்பளம் வரைக்கும் இருந்து ஆளுங்க வருவாங்க. இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருக்குள்ள போகவே ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர். செம்மண், மணல், வரப்பு. கால் நல்லா இருக்கறவங்களுக்கே டூவீலர் இல்லாம பொழப்பு ஓடாது. போலியோ வந்த காலோட இருக்கறவங்களுக்கு வண்டிங்கறது வசதி இல்ல, கால்.

3/
இப்ப என் தப்பு. 2009. நான் வேலைக்கு வந்த புதுசு. மரக்காணம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வந்தார். சின்ன வயசுல போலியோ. வலது கால் சூம்பிப் போயிருக்கும். உப்பளத்துல வேலை செய்யறவங்களுக்கு டீ கேன் கொண்டு போய் விக்கறது தொழில். சைடு வீல் வெச்ச ஸ்கூட்டர் ஒண்ணு கடன் வாங்கி ஏற்பாடு பண்ணிட்டார். லைசென்ஸ் எடுக்க டாக்டர் சர்டிபிகேட் வேணும்.

4/
அந்தப் படிவத்துக்கு 'படிவம் 1ஏ'ன்னு பேரு. அதுல ஒரு கேள்வி. உறுப்புக் குறைபாடு, உருமாற்றம், உறுப்பு இழப்பு ஏதாவது இருக்கான்னு கேட்கும். நான் "ஆமாம், வலது கால் செயலிழப்பு, தகுதியில்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணன் ஒண்ணும் பேசல. பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுட்டு, அதே ஸ்கூட்டர்லயே கிளம்பிப் போனார். நல்லாத்தான் ஓட்டினார்.

5/
நான் எங்க தப்பு பண்ணேன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். ரொம்பவே பின்னாடி. 1655.

ஜெர்மனியில நியூரம்பர்க் பக்கம் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர்னு ஒரு கடிகாரத் தொழிலாளி. கால் நடக்காது. பல் சக்கரம் பத்தி தெரிஞ்ச கை. தானே கையால சுத்தி ஓட்டற மூணு சக்கர வண்டி ஒண்ணு செஞ்சுக்கிட்டார். அப்ப அவருக்கு இருபது சொச்சம் வயசு. இந்த வரலாற்றுல முதல் வண்டியைச் செஞ்சது டாக்டரோ அரசாங்கமோ இல்ல. தேவைப்பட்டவரே செஞ்சுக்கிட்டது.

6/
முதல் உலகப் போருக்கு அப்புறம் ஐரோப்பா முழுக்க கை கால் இழந்த சிப்பாய்கள். ரோட்ல மோட்டார் வண்டிகளும் பெருகின காலம். அப்பதான் 'அடையாளம்' வருது. ஜெர்மன் பேசற நாடுகள்ல மஞ்சள் துணிப் பட்டை, அதுல மூணு கறுப்புப் புள்ளி. கண் தெரியாதவங்க, காது கேட்காதவங்க கையில கட்டிக்கிட்டு ரோட்டுக்கு வருவாங்க.

அதோட அர்த்தம்: மத்தவங்களே, ஜாக்கிரதை. அதாவது அது ஒரு எச்சரிக்கை. உரிமை இல்ல.

7/
அடுத்து பிரிட்டன். 1930 சாலைப் போக்குவரத்துச் சட்டத்துல ஒரு தனி வகை வண்டி வந்துச்சு: 'இன்வேலிட் கேரேஜ்'. அந்தக் காலத்து இங்கிலீஷ்ல இன்வேலிட்னா நோயாளி, முடியாதவர். சட்டம் போட்ட நிபந்தனையைக் கவனிங்க: உடல் குறைபாடு உள்ளவருக்காகவே முதல்லேர்ந்து வடிவமைச்சுக் கட்டின வண்டியா இருக்கணும். சாதா வண்டியை மாத்தி அமைச்சா மட்டும் போதாது.

இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க.

8/
பிரிட்டன்ல அந்த மாதிரி வண்டியை நிஜமாவே தயாரிச்சாங்க. பெர்ட் கிரீவ்ஸ்னு ஒரு எஞ்சினியர், நடக்க முடியாத தன் உறவினருக்காகச் சக்கர நாற்காலியில மோட்டார் மாட்டினதுல ஆரம்பிச்சது. இன்வாகார்னு கம்பெனியாச்சு. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் அரசே அந்த மாதிரி மூணு சக்கர வண்டிகளை இலவசமாக் கொடுத்துச்சு. வெளிர் நீல நிறம்.

9/
ஆனா அதுல ஒரே ஒரு சீட். ஒரு அம்மா அந்த வண்டியை ஓட்டலாம், தன் குழந்தையை ஏத்திக்க முடியாது. கணவனும் மனைவியும் ஒண்ணாப் போக முடியாது. காத்து பலமா அடிச்சா ஆட்டம். வண்டியைப் பார்த்தாலே உள்ள இருக்கறவர் யாருன்னு தெரு முழுக்கத் தெரியும். "எங்களுக்கும் சாதாரணக் கார் கொடுங்க, மாத்தி அமைச்சுக்கறோம்"னு அந்த ஓட்டுநர்களே வருஷக்கணக்காப் போராடினாங்க. 2003 மார்ச் 31ஓட அந்த வண்டிகள் ரோட்டை விட்டே எடுக்கப்பட்டன.

10/
இதுக்கு நடுவுல நீல ஸ்டிக்கர் பிறந்த கதை. 1968. இங்க பிப்ரவரி 28ஆம் தேதி ஆரோவில் தொடக்க விழா நடந்த அதே வருஷம். சுவீடன்ல ஸ்டாக்ஹோம் நகர்ல நடந்த ஒரு வடிவமைப்புப் பட்டறையில சூசன் கோஃபோட்னு ஒரு டென்மார்க் மாணவி ஒரு படம் வரைஞ்சாங்க. வெறும் சக்கர நாற்காலி. அதுல ஆளே இல்ல.

11/
தேர்வுக் குழுவுல இருந்த கார்ல் மொன்டான் அது மேல ஒரு வட்டம் போட்டார். தலை வந்துச்சு, நாற்காலி ஆளாச்சு. 1969ல டப்ளின் மாநாட்டுல ஏத்துக்கிட்டாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கற சின்னம் அதான்.

அதோட அசல் அர்த்தம் 'இங்க ஒரு ஊனமுற்றவர் இருக்கார்'ங்கறது இல்ல. 'இந்த வழியா சக்கர நாற்காலியில வரலாம்'ங்கறது. சாய்தளம், லிஃப்ட், கழிப்பறைக் கதவுக்கான சின்னம். இடத்தைப் பத்தினது, ஆளைப் பத்தினது இல்ல.

12/
அது வண்டியில ஏறினது எப்படி? பிரிட்டன்ல ஆல்ஃப் மோரிஸ்னு ஒரு எம்.பி. அவர் அப்பா முதல் உலகப் போர்ல விஷ வாயுவால பாதிக்கப்பட்டவர். மகன் 1970ல மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தைத் தனி நபர் மசோதாவாவே கொண்டு வந்து நிறைவேத்தினார். அதன்படி 1971ல 'ஆரஞ்சு பேட்ஜ்' வந்துச்சு. 2000த்துல அது நீல பேட்ஜா மாறுச்சு.

13/
இந்த பேட்ஜ்ல ஒரு நுட்பம். அது வண்டிக்குச் சொந்தமில்ல, ஆளுக்குச் சொந்தம். பேர், எண், போட்டோ, காலாவதி தேதி எல்லாம் உண்டு. இன்னிக்கு அண்ணன் கார், நாளைக்கு டாக்சி, எதுல போனாலும் கூட வரும். அவர் வண்டியில இல்லாதப்ப வீட்டுக்காரர் அதைக் காட்டி நிறுத்தினா குற்றம்.

2019லேர்ந்து இங்கிலாந்துல வெளியே தெரியாத குறைபாடு உள்ளவங்களுக்கும் கிடைக்குது.

14/
நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கற சிங்கப்பூர்ல கார் பார்க் லேபிள் ரெண்டு வகை. தானே ஓட்டற மாற்றுத்திறனாளிக்கு ஒண்ணு. அவங்களைக் கூட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு இன்னொண்ணு, அதுக்கு ஒரு மணி நேர வரம்பு.

ஜப்பான்ல 2008லேர்ந்து காது கேட்காதவங்க அகலக் கண்ணாடியும் பட்டாம்பூச்சிச் சின்னமும் வெச்சு கார் ஓட்டலாம். அந்தச் சின்னம் உள்ள வண்டியை நெருக்கி குறுக்கே புகுந்தா அபராதம் மத்தவருக்கு. மஞ்சள் பட்டை காலத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தாச்சு பாருங்க.

15/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பிரிட்டிஷ் இந்தியாவோட 1939 மோட்டார் வாகனச் சட்டம் அந்த 'இன்வேலிட் கேரேஜ்' வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டுது. சுதந்திரம் வாங்கி 41 வருஷம் கழிச்சு 1988ல புதுச் சட்டம் போட்டோம். அதுலயும் அதே வார்த்தை. அதே நிபந்தனை: தனியா வடிவமைச்சுக் கட்டணும், மாத்தி அமைச்சா மட்டும் போதாது.

16/
இதுல இருக்கற வேடிக்கை என்னன்னா, பிரிட்டன்ல அந்த வண்டியை அரசே கொடுத்துச்சு. நம்ம ஊர் ஷோரூம்ல போய்க் கேட்டா யார் கொடுப்பாங்க? நம்ம ஆளுங்க கண்ட வழி, தெரு முனை மெக்கானிக். சாதா ஸ்கூட்டர், பின்னால ரெண்டு இரும்புக் கை, ரெண்டு சக்கரம். சட்ட வார்த்தையைப் பிடிச்சுப் பார்த்தா அது வெறும் 'மாத்தி அமைச்ச' வண்டி. நடைமுறையில ஆர்.டி.ஓ. ஆபீஸ்கள்ல அதையே இன்வேலிட் கேரேஜ்னு ஆர்.சி.யில எழுதினாங்க.

17/
ஒரு டாக்டரா அந்த மெக்கானிக்குகளுக்கு ஒரு கும்பிடு. போலியோ முதுகுத்தண்டுல தசையை இயக்கற நரம்பு செல்லைத்தான் அழிக்குது. தொடு உணர்ச்சி, கண், காது, புத்தி எதுவும் போறதில்ல. கியர் இல்லாத, பட்டன் ஸ்டார்ட் ஸ்கூட்டர்ல ஆக்சிலரேட்டர், பிரேக் எல்லாம் கையில. அப்ப காலுக்கு என்ன வேலை? வண்டி நிக்கும்போது ஊன்றது. அவ்வளவுதான். அந்த ஒரு வேலையை ரெண்டு சக்கரம் பார்த்துக்கும்.

கார்லயும் அப்படித்தான். ஆட்டோமேட்டிக் கார்ல இடது காலுக்கு வேலையே இல்ல. வலது கால் முடியலன்னா கையாலயே இயக்கற பிரேக், ஆக்சிலரேட்டர் பொருத்தலாம்.

18/
சரி, 2009க்கு வர்றேன். அந்தப் படிவத்தோட கேள்வியை நான் பாதிதான் படிச்சேன். முழுக் கேள்வி இது: 'ஓட்டுநர் வேலையைத் திறம்படச் செய்யறதுக்கு இடைஞ்சலா இருக்கற' குறைபாடு ஏதாவது இருக்கா?

கால் சூம்பியிருக்கான்னு அது கேட்கல. இந்தக் கால், இந்த வண்டியை ஓட்ட இடைஞ்சலான்னு கேட்டுச்சு. நான் காலைப் பார்த்தேன். வாசல்ல நின்ன வண்டியைப் பார்க்கல.

19/
இன்னொண்ணு. 1988 சட்டத்தோட எட்டாவது பிரிவுலயே, உடல் தகுதி இல்லன்னு சாதா லைசென்ஸ் மறுக்கப்படறவருக்கும், தனக்கான வண்டியை ஓட்டத் தகுதி இருந்தா பழகுநர் உரிமம் கொடுக்கலாம்னு விதிவிலக்கு இருந்தது. பத்தாவது பிரிவுல லைசென்ஸ் வகைகள் வரிசை: கியர் இல்லா பைக், கியர் பைக், இன்வேலிட் கேரேஜ், கார், கடைசியில ரோடு ரோலர் வரைக்கும். அவருக்குன்னே ஒரு வரி இருந்தது. எனக்குத் தெரியல. மருத்துவக் கல்லூரியில யாரும் சொல்லித் தரல, நானும் தேடல.

20/
அண்ணன் எட்டு வருஷம் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டினார். போலீஸ் நின்னா உள் ரோட்ல சுத்திப் போறது. உப்புக் காத்துல சைடு வீல் இரும்பு துருப்பிடிச்சு ரெண்டு தடவை மாத்தினார்.

2017ல கிழக்குக் கடற்கரைச் சாலையில பின்னாலிருந்து ஒரு லோடு வண்டி இடிச்சுது. இவர் மேல தப்பில்ல. நல்லா இருந்த இடது கால்ல தொடை எலும்பு முறிவு. நஷ்ட ஈடு வழக்குல எதிர்த் தரப்பு முதல்ல எடுத்த விஷயம்: "இவருக்கு லைசென்ஸே இல்ல."

21/
லைசென்ஸ் இல்லங்கறதால மட்டுமே விபத்துக்கு அவர் காரணம்னு ஆயிடாது. வழக்கு கடைசியில ஓரளவு நல்லபடியாவே முடிஞ்சது. ஆனா அதுக்கு ஆன அலைச்சல், கடன், வருஷங்கள்... அதுல என் கையெழுத்துக்கும் பங்கு உண்டு. அவர் ஒரு தடவை கூட அதைச் சொல்லிக் காட்டினதில்ல. அதுதான் இன்னும் உறுத்துது.

22/
இந்தக் காலத்துல நாடு கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டு இருந்தது. 2011ல டெல்லி உயர் நீதிமன்றம் காது கேளாதோர் சங்கம் போட்ட வழக்குல, காது கேட்காதுங்கறதை மட்டும் வெச்சு தேர்வுக்கே விடாம இருக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. 2016ல மத்திய போக்குவரத்து அமைச்சகம் எய்ம்ஸ் மருத்துவர்களைக் கேட்டு, ஓட்டறது பெரும்பாலும் கண்ணோட வேலைதான்னு மாநிலங்களுக்கு எழுதுச்சு. 2020ல லேசான, நடுத்தர நிறக் குருடு உள்ளவங்களுக்கும் லைசென்ஸ் கிடைக்க விதி தளர்ந்தது.

23/
2016ல இந்தூர்ல விக்ரம் அக்னிஹோத்ரி, ரெண்டு கையும் இல்லாதவர், காலால கார் ஓட்டி லைசென்ஸ் வாங்கினார். 2023 டிசம்பர்ல கேரளாவுல ஜிலுமோள் வாங்கினாங்க. அவங்களுக்கும் கை இல்ல. அடுத்த வருஷம் சென்னையிலயும் ஒரு இளைஞர் வாங்கினார்.

மூணு இடத்துலயும் முதல் பதில் 'முடியாது' மாதிரிதான். அப்புறம் யாரோ ஒருத்தர் வண்டியையும் ஆளையும் சேர்த்து வெச்சுப் பார்த்திருக்காங்க.

24/
2019ல மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் வந்துச்சு. அபராதம் ஏறினதைப் பத்தி எல்லாரும் பேசினோம். யாரும் பெருசாக் கவனிக்காத ஒரு மாற்றம்: 'இன்வேலிட் கேரேஜ்' போச்சு. 'அடாப்டட் வெஹிக்கிள்' வந்துச்சு. தகவமைத்த வாகனம். முதல்லேர்ந்து கட்டினதும் சரி, அனுமதியோட மாத்தி அமைச்சதும் சரி.

எண்பது வருஷமா 'போதாது'ன்னு சொன்ன அந்த வார்த்தையே வகையோட பேராயிடுச்சு. மெக்கானிக் ஜெயிச்சுட்டார்.

25/
2021ல அண்ணன் திரும்ப வந்தார். கூட பத்தாவது படிக்கற பொண்ணு. பழைய ஆர்.சி.யைப் பார்த்துட்டு அது கேட்டுச்சு: "இன்வேலிட்னா செல்லாதுன்னுதானே சார் அர்த்தம்? எங்கப்பா வண்டி நல்லாத்தானே செல்லுது?"

இந்தத் தடவை நான் வெளியே போய், அவரை வண்டியில உட்கார வெச்சு, பிரேக் பிடிக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, இறங்கி ஏறச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் எழுதினேன். லைசென்ஸ் வந்துச்சு.

26/
ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். கேட்டா எல்லாருக்கும் கையெழுத்துப் போடணும்னு நான் சொல்லல. வலிப்பு நோய் இருக்கறவருக்கு நம்ம விதிப்படி கொடுக்க முடியாது, ஓடும்போது நினைவு தப்பினா போறது அவர் உயிர் மட்டுமில்ல. சர்க்கரையால பாதத்துல உணர்வே இல்லாம போனவர், பெடல்ல கால் எங்க இருக்குன்னு தெரியாம கார் ஓட்டறார். அவரை யாரும் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்றதில்ல. எனக்கு அவரைப் பார்த்தாத்தான் பயம். பார்வைக்குத் தெரியற குறையும், ஓட்டறதுக்கு ஆபத்தான குறையும் வேற வேற.

27/
இப்ப நேத்து வந்தவர் கேள்விக்கு. ஸ்டிக்கர் கடையில யாருக்கும் கிடைக்கும். அதனாலயே அதுக்குன்னு தனி பலம் இல்ல. பிரிட்டன் மாதிரி ஆளுக்குக் கொடுக்கற பேட்ஜ் நாடு முழுக்க நம்மகிட்ட இன்னும் வரல. உங்க உரிமை இருக்கற இடம் மூணு:

யூ.டி.ஐ.டி. அட்டை.
லைசென்ஸ்ல தகவமைத்த வாகனம்ங்கற வகை.
ஆர்.சி. பதிவு. 2020 அக்டோபர்லேர்ந்து பதிவுப் படிவத்துலயே உரிமையாளர் மாற்றுத்திறனாளின்னு குறிக்க இடம் இருக்கு. சாலை வரி விலக்கு, சுங்கக் கட்டண விலக்கு கேட்கப் போனா இந்தப் பேப்பர்தான் பேசும்.

28/
வண்டியை மாத்தறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்க. மாத்தினதை ஆர்.சி.யில ஏத்துங்க. இன்சூரன்ஸ்லயும் சொல்லுங்க. ரெண்டு கால்லயும் பாதிப்பு உள்ளவங்களுக்குத் தமிழ்நாடு அரசு இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் இலவசமாக் கொடுக்குது, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போறதுக்குள்ள கோட்டக்குப்பத்துல தமிழ்நாடு, காலாப்பட்டுல மறுபடி புதுச்சேரி, கனகசெட்டிகுளம் தாண்டினா திரும்பத் தமிழ்நாடு. ரெண்டு பக்கமும் செல்லுபடியாகற யூ.டி.ஐ.டி. அட்டையைக் கையிலயே வெச்சிருங்க.

29/
கால் நல்லா இருக்கற நமக்கு ஒரு விஷயம். அந்த நீலக் கட்டம் போட்ட பார்க்கிங் இடம் 3.6 மீட்டர் அகலம், வாசல்லேர்ந்து 30 மீட்டருக்குள்ள இருக்கணும்னு கட்டட விதிகள்ல இருக்கு. அகலம் ஏன்? கதவை முழுசாத் திறந்து, பக்கத்துல சக்கர நாற்காலியை வெச்சு, உடம்பை நகர்த்தி உட்கார அவ்வளவு இடம் வேணும். "அஞ்சு நிமிஷம்தான்"னு நீங்க அங்க நிறுத்தற அஞ்சு நிமிஷம், ஒருத்தர் வண்டியை விட்டு இறங்கவே முடியாத அஞ்சு நிமிஷம்.

30/
டாக்டர் நண்பர்களுக்கு: அடுத்த தடவை படிவம் 1ஏ மேசைக்கு வந்தா, கேள்வியைக் கடைசி வரைக்கும் படிங்க. ஸ்டெதாஸ்கோப்பைக் கழட்டி வெச்சுட்டு வாசல் வரைக்கும் நடந்து வண்டியைப் பாருங்க. பத்து நிமிஷம் ஆகும்.

அண்ணன் இப்பவும் காலையில நாலரைக்கு டீ கேனோட அளத்துக்குப் போறார். போலீஸ் நின்னா உள் ரோடு தேடறதில்ல. மெயின் ரோட்லயே போறார்.

முற்றும். உங்க வீட்டுல, தெருவுல யாருக்காவது பயன்படும்னா பகிருங்க.